போர் பில்லில் இருக்கிறது பாடம்

கேள்வி:

ஐயா, நான் ஒரு கல்லூரியில் ஜியாலஜி பாடத்துக்குக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். குடியிருப்பது சேலம் அம்மாபேட்டையில். எங்கள் பி.எஸ்சி. மாணவர்களில் பெரும்பாலோர் இந்தப் பாடத்தை விரும்பி எடுத்தவர்கள் இல்லை, கேட்ட குரூப் கிடைக்காமல் வந்து சேர்ந்தவர்கள். பலர் சாயங்காலம் ஜவுளிக் கடையிலும் தறியிலும் வேலை பார்க்கிறார்கள். கனிமத்தின் பெயர், நிறம், கடினத்தன்மை என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். அடுத்த மாதம் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. நிஜமான பிரச்சினைகளை வைத்து புராஜெக்ட் முறையில் நடத்துங்கள் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நானும் ‘சேலம் மாவட்டக் கனிம வளங்கள்’ என்று ஒரு புராஜெக்ட் கொடுத்தேன். அத்தனை பேரும் இணையத்தில் இருந்து எடுத்து, அட்டை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வண்டி வைத்துக் களப்பயணம் போகப் பணம் இல்லை. போர்ஷன் முடிக்கவே நேரம் போதவில்லை. எங்களைப் போன்ற கல்லூரியில் இது நடக்கிற காரியமா? நடக்குமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்:

நடக்கிற காரியம்தான் அம்மா. வடக்கே சேர்வராயன் மலை, தென்கிழக்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்கள் என்று நான்கு திசையிலும் பாறைப் பாடம் விரிந்து கிடக்கிற ஊர் உங்களுடையது. இங்கே வண்டிச் செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. டவுன் பஸ்ஸில் போய்த் திரும்பலாம்.

நீங்கள் கொடுத்த புராஜெக்ட் ஏன் தோற்றது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மாணவர்கள் சோம்பேறிகள் என்பது காரணமில்லை. ‘சேலம் மாவட்டக் கனிம வளங்கள்’ என்ற அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு அதை வைத்து ஒரு முடிவெடுக்க வேண்டியவர் யாராவது இருந்தாரா? மார்க் போட நீங்கள் இருந்தீர்கள், அவ்வளவுதான். விடை ஏற்கெனவே எங்கோ எழுதப்பட்டுக் கிடக்கிறது என்று தெரிந்தால் யாராக இருந்தாலும் அதை எடுத்து ஒட்டத்தான் செய்வார்கள். கல்லூரிக்கு வெளியே ஒரு மனிதர் அந்த விடைக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த விடை எந்தப் புத்தகத்திலும் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் அது புராஜெக்ட். மற்றவை எல்லாம் நீளமான அசைன்மென்ட்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். உங்கள் வீட்டில் இருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடக்கூடிய ஒரு கிராமத்தில் நடந்த கதை இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. சந்திரயான்-2 திட்டத்தில் நிலவில் லேண்டரை இறக்கி, ரோவரை ஓட்ட வேண்டும். அதற்கு முன் பூமியிலேயே ஓட்டிப் பார்க்க நிலவின் மண்ணைப் போன்ற மண் வேண்டும், அதுவும் பல பத்து டன். நிலவின் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்ற பாறையால் ஆனவை. அந்தப் பாறை சித்தம்பூண்டியிலும் அருகே குன்னமலையிலும் தரையிலேயே தலைநீட்டிக் கிடக்கிறது. ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதுள்ளது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையும் திருச்சி என்.ஐ.டி.யும் இஸ்ரோவோடு சேர்ந்து இந்தப் பாறையை உடைத்து, பொடித்து, அப்போலோ-16 பயணிகள் கொண்டுவந்த நிலவு மண்ணின் குணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு போலி நிலவு மண்ணைத் தயாரித்தார்கள். செய்முறைக்கு 2020-ல் காப்புரிமை கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அப்போது பெரியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எஸ். அன்பழகனும் அவர் துறையினரும் இருக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது சேலம், நாமக்கல் பக்கம் இருந்த மகிழ்ச்சி உங்களுக்கு நினைவிருக்கும். பின்னால் பிரக்யான் ரோவர் தன் கருவியால் நிலவு மண்ணைச் சோதித்தபோது, அதன் வேதியியல் இரும்பு கலந்த அனார்த்தோசைட்டை ஒத்திருந்தது. 2024-ல் அந்த முடிவு ‘நேச்சர்’ இதழில் வந்தது.

ஆசிரியராக இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது பெருமையைவிடக் கேள்வியை. இஸ்ரோ பொறியாளர் “அனார்த்தோசைட் என்றால் என்ன, அதன் வகைகளை விவரி” என்று கேட்டு வரவில்லை. சக்கரம் எவ்வளவு புதையும்? மண்ணைக் குவித்தால் எந்தக் கோணம் வரை சரியாமல் நிற்கும்? துகள் எந்த அளவில், எந்த வடிவத்தில் இருக்கிறது? அவர் கேட்டது இதெல்லாம். இதற்குப் பதில் சொல்ல, அந்தப் பாறையில் கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ் எத்தனை பங்கு என்பது தெரிந்திருக்க வேண்டும்; அது தெரிய மைக்ரோஸ்கோப்பில் பாறையின் மெல்லிய சீவலைப் (தின் செக்‌ஷன்) பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் மனப்பாடம் செய்ய வைக்கும் அதே பாடம்தான். ஆனால் இங்கே அது ஒரு சக்கரம் புதையுமா என்ற கவலைக்குக் கீழே வந்து உட்கார்கிறது.

இதை உங்கள் ஆய்வகத்தில் சின்ன அளவில் செய்யலாம். சித்தம்பூண்டிச் சாலையோரத்தில் உதிர்ந்து கிடக்கும் துண்டுகளில் ஒரு பை கொண்டுவந்து இரும்பு உரலில் இடித்து, பக்கத்துப் பாலிடெக்னிக்கின் சிவில் துறையில் இருந்து சல்லடை வரிசையை இரவல் வாங்கிச் சலித்து, ஒவ்வொரு அளவுத் துகளையும் புனலில் ஊற்றிக் குவித்து, குவியலின் சாய்வைக் கோணமானியால் அளக்கச் சொல்லுங்கள். ஆற்று மணலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஆற்றில் உருண்டு வந்த மணலைவிட இடித்த துகள் ஏன் செங்குத்தாக நிற்கிறது என்று அவர்களே கேட்பார்கள். நிலவில் காற்றும் இல்லை, நீரும் இல்லை, துகளின் முனை மழுங்க வழியே இல்லை என்பதை அப்போது சொன்னால் போதும். படிவுப் பாறை பாடத்தில் துகள் வடிவம் என்ற அத்தியாயம் அன்றோடு முடிந்துவிடும்.

ஆனாலும் நீங்கள் தொடங்க வேண்டிய இடம் நிலவு இல்லை. அம்மாபேட்டையிலேயே தொடங்குங்கள்.

கோடை வந்தால் உங்கள் தெருவில் ரிக் வண்டி வந்து நிற்காத வருடம் உண்டா? ஒரு போர் போடுவதற்கு ஒரு நெசவாளர் குடும்பம் எத்தனை மாதச் சேமிப்பைக் கொட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பம் யாரைக் கேட்டு முடிவெடுக்கிறது? தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை, அல்லது ரிக்காரரை, அல்லது பக்கத்து வீட்டுக்காரரை. ஊரில் ஜியாலஜி படித்த பிள்ளைகள் இருந்தும் அவர்களை யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கும் தங்களைக் கேட்கலாம் என்று தெரியாது. இது எனக்கு நெடுநாளாக மனசை உறுத்துகிற விஷயம்.

ரிக் வண்டிகளின் தலைநகரம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. திருச்செங்கோட்டு ரிக்குகள் இந்தியா முழுவதும் போய்த் துளை போடுகின்றன. உங்கள் வகுப்பிலேயே ரிக்கில் வேலை பார்க்கும் அப்பாவோ சித்தப்பாவோ உள்ள பிள்ளை ஒருவராவது இருப்பார். அவரை வகுப்புக்கு அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள். துளையில் இருந்து வரும் மாவின் நிறம் எப்போது மாறும், சுத்தியலின் சத்தம் எப்போது மாறும், ‘கேப்’ (பாறை வெடிப்பு) வந்தால் எப்படித் தெரியும், எத்தனை இன்ச் தண்ணீர் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று அவர் சொல்வதைக் கேட்டு, புத்தகத்தில் உள்ள சிதைவு மண்டலம், வெடிப்பு மண்டலம் என்ற படத்தின் பக்கத்தில் மாணவர்கள் எழுதட்டும்.

அடுத்தது பில். போர் போட்டு முடித்ததும் ரிக்காரர் கொடுக்கும் பில்லைப் பார்த்திருப்பீர்கள். மொத்தம் எத்தனை அடி, அடிக்கு என்ன ரேட், கேசிங் பைப் எத்தனை அடி. இந்தக் கேசிங் அடிதான் விஷயம். மேலே உள்ள மண்ணும் மட்கிய பாறையும் துளைக்குள் சரியாமல் இருக்கத்தான் கேசிங் இறக்குகிறார்கள். கெட்டிப் பாறை வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அதாவது கேசிங் நீளம் என்பது, அந்த இடத்தில் பாறை எவ்வளவு ஆழம் வரை சிதைந்திருக்கிறது என்பதற்கு ஒரு தோராய அளவு. ஒவ்வொரு வீட்டு பீரோவிலும் மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளில் ஒரு நிலவியல் பதிவு இருக்கிறது. நூறு வீட்டு பில் கிடைத்தால் அம்மாபேட்டையின் தரைக்கு அடியில் சிதைவு மண்டலம் எங்கே தடிமன், எங்கே மெலிவு என்று ஒரு வரைபடம் போட்டுவிடலாம். அப்படி ஒரு வரைபடத்தை இணையத்தில் இருந்து யாராலும் எடுத்து ஒட்ட முடியாது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலும் கிடைக்காது.

தரவு சுத்தமாக வராது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பில் தொலைந்திருக்கும், வீட்டுக்காரர் நினைவில் இருந்து “ஐந்நூறு, ஐந்நூற்றம்பது இருக்கும்” என்பார். பில்லில் உள்ள கேசிங் அடியும் வீட்டுக்காரர் சொல்லும் அடியும் ஒத்துப்போகாது. இடிந்து விழும் என்று பயந்து தேவைக்கு மேல் கேசிங் இறக்கியிருப்பார்கள். ஒரு தெருவே மேட்டில் இருக்கும். அங்கே தரையில் இருந்து நாற்பது அடி என்பதும் பள்ளத்தில் நாற்பது அடி என்பதும் ஒன்றல்ல. கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டு ஆக வேண்டும், அதற்கு டோப்போஷீட்டின் கான்டூர் கோட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். செல்போன் காட்டும் உயரத்தை நம்பிவிடக் கூடாது என்பதும் அப்போதுதான் புரியும். எந்த எண்ணை ஏற்பது, எதைச் சந்தேகக் கணக்கில் வைப்பது என்று மாணவர்கள் வாதாடும் அந்த ஒரு மணி நேரத்துக்கு நிகரான பாடம் வேறு இல்லை. ஆசிரியர் அந்த நேரத்தில் வாய் திறக்காமல் இருக்கப் பழக வேண்டும். அது கஷ்டம்தான்.

இந்த பில் புராஜெக்டை ஒரு கடிதம் வைத்துத் தொடங்குங்கள். நீங்களே எழுதலாம். உதாரணத்துக்கு இப்படி:

“எங்கள் வீடு அம்மாபேட்டையில். பதினைந்து வருடத்துக்கு முன் 350 அடி போர் போட்டோம். நாற்பது அடி கேசிங். போன வருடம் வரை குறையில்லை. இப்போது மோட்டார் போட்டால் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ரிக்காரர் அதே துளையில் இன்னும் 300 அடி இறக்கலாம் என்கிறார். மைத்துனர் ஈசானி மூலையில் புதிதாகப் போடச் சொல்கிறார். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் வரும். என்ன செய்யலாம்?”

வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு பில்கள், இன்னொன்றுக்குச் சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டம், மூன்றாவதுக்கு செயற்கைக்கோள் படத்தில் தெரியும் நீள்கோட்டு வெடிப்புகள், நான்காவதுக்குப் பக்கத்துக் கல்குவாரியிலும் சாலை வெட்டிலும் தெரியும் பாறையின் வெடிப்புத் திசைகள் என்று கொடுங்கள். எந்தக் குழுவாலும் தனியாகக் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாது. நான்கும் சேர்ந்தால்தான் ஒரு பக்கப் பதில் வரும். ஆழம் போகப் போக மேலே உள்ள பாறையின் பாரத்தால் வெடிப்புகள் இறுகும், ஆகவே இன்னும் 300 அடி என்பது இன்னும் அத்தனை தண்ணீர் என்று அர்த்தமாகாது. அதே சமயம் ஒரு பெரிய வெடிப்புக் கோடு அந்தப் பக்கம் போனால் கணக்கு மாறும். இரண்டையும் எடைபோட்டு, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்து, ஜியாலஜி படிக்காத ஒரு குடும்பத் தலைவிக்குப் புரிகிற தமிழில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இதுதான் கடினமான பகுதி. இதற்குத்தான் அதிக மார்க் போட வேண்டும் என்பது என் கருத்து.

நீர்மட்டம் அளப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மோட்டார் இறக்கிய போருக்குள் டேப் இறங்காது. அதனால் பழைய வீடுகளிலும் கோயில்களிலும் தோட்டங்களிலும் மிச்சமிருக்கும் திறந்த கிணறுகளைத் தேடிப் பிடியுங்கள். அவை மேல்மட்ட நீரை மட்டுமே காட்டும், ஆழத்து வெடிப்பு நீரைக் காட்டாது. அந்த வித்தியாசமும் பாடத்தில் சேரட்டும்.

அடுத்த பருவத்துக்குத் தண்ணீரின் தரத்தை எடுத்துக்கொள்ளலாம். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரத்தின் நடுவே ஓடி நாமக்கல் மாவட்டத்துக்குப் போகும் திருமணிமுத்தாறு என்ன நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயக்கழிவு, சாக்கடை, அதற்கும் தெற்கே சேகோ ஆலைகளின் கழிவு. மாணவர்களை விட்டால் உடனே “சாயப்பட்டறைதான் காரணம்” என்று எழுதிவிடுவார்கள். அங்கேதான் ஜியாலஜி ஆசிரியர் குறுக்கே நிற்க வேண்டும். உங்கள் ஊர்த் தண்ணீர் கடினமாக இருப்பதற்குப் பாறையும் காரணமாக இருக்கலாம். மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல் பூமி மெக்னீசியம் மிகுந்த டியூனைட் பாறையால் ஆனது. அந்தப் பாறை கரியமிலவாயு கலந்த நீரால் மாற்றமடைந்துதான் வலைப்பின்னல் போல வெள்ளை மேக்னசைட் நரம்புகள் உண்டாயின. அங்கே ஊறும் நீரில் மெக்னீசியம் கூடுதலாக இருப்பது இயல்பு. அம்மாபேட்டைப் பக்கத்துப் பாறை வேறு, அங்கே அந்த நியாயம் செல்லாது. பருத்தி நூலுக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு ஏராளமாகச் சேர்க்கிறார்கள், அதனால் அந்தக் கழிவு வந்த கிணற்றில் சோடியமும் குளோரைடும் தூக்கலாக இருக்கும். சாக்கடை கலந்தால் குளோரைடோடு நைட்ரேட்டும் ஏறும்.

ஆக ஒரே ‘உப்புத் தண்ணீர்’ என்று நாம் சொல்வதற்குப் பின்னால் மூன்று வெவ்வேறு கதைகள் இருக்க முடியும். எது எந்தக் கிணற்றின் கதை என்று பிரித்தறிய உங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகமே போதும். ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷனில் மொத்தக் கடினத்தன்மையும் கால்சியமும் கிடைக்கும், கழித்தால் மெக்னீசியம். வெள்ளி நைட்ரேட்டில் குளோரைடு. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. மெக்னீசியத்துக்கு 30, 100. குளோரைடுக்கு 250, 1,000. நைட்ரேட்டுக்கு 45 என்ற ஒரே வரம்புதான். சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் ஃப்ளூரைடையும் விட்டுவிடக் கூடாது. 1.0 வரை ஏற்கலாம், 1.5-ஐத் தாண்டக் கூடாது. சில நூறு ரூபாய்க்கு விற்கும் டி.டி.எஸ். பேனா மீட்டர் மின்கடத்தலை அளந்து உப்பைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். அது குறைவாகக் காட்டினால் தண்ணீர் நல்லது என்று எந்த வீட்டிலும் சொல்லிவிட்டு வரக் கூடாது.

ஏற்காடு, கஞ்சமலை இரண்டையும் வகுப்பறைக்குள்ளேயே கதைச் சூழலாக நடத்திவிடலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. “நீங்கள் நெடுஞ்சாலைத் துறைக்குப் புதிதாக வந்த நிலவியலாளர். நாளை காலை பாதையைத் திறக்கலாமா என்று கோட்டப் பொறியாளர் கேட்கிறார்” என்று ஆரம்பித்தால், சரிவு, மழையளவு, வெடிப்பின் சாய்வு சாலைப் பக்கம் இருக்கிறதா மலைப் பக்கம் இருக்கிறதா என்று ஒரு வாரப் பாடம் ஓடும்.

கஞ்சமலைக்குக் கேள்வி வேறு. மலையில் மேக்னடைட் இரும்புத் தாது உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-களில் சேலத்துத் தாதுவை நம்பித்தான் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். 1970-ல் இந்திரா காந்தி சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். ஆனால் அந்த ஆலை கஞ்சமலைத் தாதுவில் ஓடவில்லை, வெளியில் இருந்து வந்த எஃகைத் தகடாக்கித்தான் தொழிலைத் தொடங்கியது. ஏன்? இரும்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மீதி பெரும்பாலும் குவார்ட்ஸ். அரைத்துப் பிரிக்கும் செலவு, நிலக்கரி வரும் தூரம், மலையடிவாரத்துச் சித்தர் கோயிலும் ஊர்களும் என்று ஒவ்வொன்றாகத் தராசில் வைக்கும்போது, பாறையில் உலோகம் இருப்பதும் அது தாதுவாவதும் வேறு வேறு என்பது விளங்கிவிடும். பொருளாதார நிலவியலின் முதல் அத்தியாயம் அதுதான்.

போர்ஷன் முடியாது என்ற உங்கள் பயம் நியாயமானது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தச் சொன்னால் யாராலும் முடியாது. நானும் சொல்லமாட்டேன். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 1969-ல் பாடத்திட்டம் முழுவதையுமே பிரச்சினைகளைச் சுற்றி அமைத்தது. அவர்களிடம் சின்னக் குழுக்களும் நிறைய ஆசிரியர்களும் இருந்தார்கள். உங்களுக்கு ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு புராஜெக்ட் போதும். அதற்குள் எந்தெந்த அலகுகள் வந்துவிடுகின்றன என்று பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு பென்சிலால் குறியுங்கள். பில் புராஜெக்டில் மட்டும் பாறைச் சிதைவு, கட்டமைப்பு நிலவியல், நீர்நிலவியல், தொலையுணர்வு, வரைபடம் வரைதல் ஐந்தும் வந்துவிடும். அவற்றைத் திரும்ப கரும்பலகையில் நடத்தாதீர்கள். இன்டர்னல் மார்க்கை அதில் இருந்தே போடுங்கள். துறைத்தலைவரிடம் இந்தக் குறித்த பாடத்திட்டத்தைக் காட்டினால் மறுப்பு வராது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்தில் நிலவியல் வரைபடங்கள், இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படங்கள், இந்தியா-டபிள்யூ.ஆர்.ஐ.எஸ். தளத்தில் நீர்மட்ட அளவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாலையில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை களப்பணி என்று வைக்காதீர்கள், சம்பளம் போய்விடும். பில் சேகரிப்பது அவரவர் தெருவிலேயே முடிகிற வேலை. தறியில் வேலை பார்க்கும் பையனுக்கு அங்கேயே பத்து வீட்டுக்காரர்களைத் தெரியும். மற்றவர்கள் பத்து நாள் அலைந்து வாங்குவதை அவன் ஒரு சாயங்காலத்தில் வாங்கி வருவான். வகுப்பில் கடைசி வரிசையில் இருந்தவன் அன்று குழுவுக்குத் தலைவனாவதைப் பார்ப்பீர்கள்.

சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். கைவிட்ட வெள்ளைக்கல் குழிகளுக்குள் யாரும் இறங்கக் கூடாது. பாழுங்கிணற்றின் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது. இருவர் இல்லாமல் எந்தக் கிணற்றையும் அளக்கக் கூடாது. பில் வாங்கும்போது எதற்கு என்று சொல்லி, சம்மதம் கேட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வரைபடத்தில் வீட்டு எண்ணோ பெயரோ வரக் கூடாது. எந்தப் பட்டறையின் பெயரையும் அறிக்கையில் எழுதக் கூடாது. நான்கு கிணற்று மாதிரியை வைத்து ஒருவர் பிழைப்பில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், “இங்கே தோண்டுங்கள்” என்று எந்த வீட்டுக்கும் மாணவர்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பக்கத்துத் துளைகளில் என்ன கிடைத்தது, இன்னும் ஆழம் போனால் என்ன எதிர்பார்க்கலாம், 2003-ல் அரசு கட்டாயமாக்கிய மழைநீர்க் குழி அந்த வீட்டில் அடைத்துக் கிடக்கிறதா என்று சொல்லலாம். முடிவு வீட்டுக்காரருடையது.

நீரோட்டம் பார்ப்பவரை மாணவர்கள் கேலி செய்ய விடாதீர்கள். அவர் காட்டிய இடத்தையும் கிடைத்த தண்ணீரையும் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். அவர் காட்டிய துளைகளிலும் மற்றத் துளைகளிலும் வெற்றி எத்தனை என்று எண்ணிக்கை கூடும்போது தானாகத் தெரியும். அவர்களில் சிலர் நாற்பது வருடமாக எந்தத் தெருவில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று நினைவில் வைத்திருப்பவர்கள். அந்த நினைவை எழுதி வாங்கிவிடுங்கள், அது வேறெங்கும் கிடைக்காது.

காலண்டரை மட்டும் கவனித்துப் போடுங்கள். பில் புராஜெக்டை ஜூன், ஜூலையில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரைபடம் தயாராகிவிடும். கிணற்று நீர்மட்டத்தை ஆண்டுக்கு இரண்டு முறையாவது அளக்க வேண்டும்: மே மாதம், வறண்ட நேரத்தில் ஒரு முறை, ஜனவரியில், மழை முடிந்த பிறகு ஒரு முறை. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் அந்த மாதங்களில் அளக்கிறது, ஒப்பிட வசதியாக இருக்கும். மே மாதம் விடுமுறை என்பதால் கிணற்றுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் மாணவருக்கே அந்தக் கிணற்றை ஒப்படைத்துவிடுங்கள். கிணற்று மேடையில் எந்த இடத்தில் இருந்து அளந்தோம் என்று பெயின்டில் ஒரு குறி போட்டுவிட்டால், அடுத்த பேட்ச் அதே குறியில் இருந்து அளக்கும். முதலாமாண்டில் சேரும் பிள்ளை பட்டம் வாங்குவதற்குள் அந்த ஒரே கிணற்றின் மூன்று கோடையையும் மூன்று மழையையும் நோட்டில் எழுதியிருப்பார்.